செய்தியின் கீழே வந்த சொந்தக்காரர்கள்

இனி வரப்போவதில் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கூட்டிச் சொன்னது ஒன்றுகூடக் கிடையாது. சில இடங்களில் குறைத்துச் சொல்லியிருப்பது உண்டு. அது கேட்பவர்கள் நம்ப வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில் செய்தது. சந்தேகம் இருப்பவர்கள் அந்த ஊருக்கே போய் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி விசாரிக்கலாம். எவரை நிறுத்தினாலும் அவர் இந்தக் கதையில் வரும் யாருக்காவது சித்தப்பா முறையாக இருப்பார் என்பது ஒன்றுதான் சங்கடம்.

அந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். பேருந்தில் காலை மிதித்தவனைப் பார்த்து "யோவ்" என்று ஆரம்பித்தவர்கள், முகத்தைப் பார்த்ததும் "மச்சானா" என்று முடித்துக்கொள்வார்கள். ஊரில் இருந்த ஒரே திருடனும், எந்தப் பூட்டில் கை வைத்தாலும் இது அக்கா வீடா அத்தை வீடா என்று யோசிக்க வேண்டியிருந்ததால், மனம் வெறுத்துப்போய்க் காவல்துறையில் சேர்ந்துவிட்டான்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு நாளிதழ் நடந்துகொண்டிருந்தது. நாலு பக்கம். அதன் ஆசிரியருக்கு ஸ்கேல் சார் என்று பெயர். சட்டைப் பையில் எஃகு ஸ்கேல் ஒன்று எப்போதும் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். செய்தியின் நீளத்தை அதனால் அளப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்து மேஜையில் தட்டினால், எதிரில் இருப்பவரின் நேர்மையை அளக்கிறார் என்று பொருள்.

ஒரு தடவை அவருடைய மைத்துனரின் மரக்கடை தீப்பிடித்துக் கூரையோடு சாம்பலாகிவிட்டது. செய்தி எழுதப் போனது மைத்துனரின் மகன். அவன் எழுதி வந்த தலைப்பு, 'மரக்கடையில் லேசான புகை.' அடுத்த நாள் அலுவலகச் சுவரில் ஒரு சட்டம் ஏறியது. ஒருவரைப் பற்றிய செய்தியை அவருடைய சொந்தக்காரர் எழுதக் கூடாது. பகையாளியும் எழுதக் கூடாது.

நல்ல சட்டம்தான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கடைத்தெருவில் இரண்டு சைக்கிள்கள் மோதிக்கொண்டபோது, ஒரு சைக்கிள்காரருக்குப் பாதி நிருபர்கள் சொந்தம், இன்னொருவருக்கு மீதிப் பாதி சொந்தம். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரே நிருபர் இரண்டு பேருக்கும் பகை. அந்தச் செய்தி வரவில்லை. அதற்கடுத்த செய்தியும் வரவில்லை. கடைசியில் வெயிலும் மழையும் யாருக்கும் மாமன் மச்சான் இல்லை என்பதால், முதல் பக்கம் முழுக்க வானிலை மட்டுமே வர ஆரம்பித்தது. செய்திகளுக்குத் தலைப்பு வைக்கும் பெண்மணியை எல்லோரும் தலைப்பக்கா என்பார்கள். 'நேற்று வெயில்', 'இன்றும் வெயில்' என்று எழுதி எழுதிக் கை சலித்துப்போன அவள், வேலையை விட்டுவிட்டுக் குடை விற்கப் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் ஸ்கேல் சார் வெளியூரில் விளம்பரம் கொடுத்தார். நிருபர் தேவை, இந்த ஊரில் நாதி இருக்கக் கூடாது.

அப்படி வந்து சேர்ந்தவன்தான் நம் ஆள். தாய் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தது இல்லை, வளர்ந்தது விடுதிகளில். அலுவலகத்தில் அவனுக்கு ஒண்டி என்று பெயர் வைத்தார்கள். அவனும் கோபித்துக்கொள்ளவில்லை. இதுவரை அவனை யாரும் எந்தப் பெயரும் வைத்துக் கூப்பிடும் அளவுக்கு நெருங்கியதில்லை.

ஒண்டி வந்ததும் பத்திரிகைக்கு உயிர் வந்தது. கடைத்தெரு, பள்ளிக்கூடம், பஞ்சாயத்து என்று எல்லாவற்றையும் அவனே எழுதினான். ஊருக்குத்தான் அது பிடிக்கவில்லை. இவனை எப்படி நிறுத்துவது என்று யோசித்தவர்களுக்குச் சுவரில் இருந்த சட்டமே வழி சொன்னது. சொந்தக்காரனாக்கிவிட்டால் போதும், பயல் பேனாவை மூடி வைத்துவிட வேண்டியதுதான்.

அன்று முதல் ஒண்டிக்குப் பெண் கொடுக்க ஊரே நின்றது. முடிவெட்டப் போன இடத்தில் "தலையைக் குனிங்க மருமகனே" என்றார்கள். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீடுகளிலிருந்து அலுவலகத்துக்குப் புகைப்படங்கள் வந்து குவிந்தன. ஒண்டி மட்டி இல்லை. எந்த வீட்டிலிருந்து படம் வருகிறதோ அந்த வீட்டில் ஒரு செய்தி இருக்கிறது என்று கண்டுகொண்டான். படத்தை மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டு, நேரே அவர்கள் கடைக்கோ குடோனுக்கோ போய் நிற்பான். தராசுக்கு அடியில் காந்தம் வைத்திருந்த மளிகைக்காரர் மாட்டியது அப்படித்தான். எக்ஸ்ரே மெஷினே இல்லாமல் எக்ஸ்ரே எடுத்த ஆள் மாட்டியதும் அப்படித்தான். அவர் எல்லோருக்கும் ஒரே எலும்பைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பஞ்சாயத்துச் சேர்மன் வீட்டிலிருந்து மட்டும் படம் வரவில்லை. ஊரில் அப்பழுக்கில்லாத மனிதர் இவர் ஒருவர்தான் என்று ஒண்டி நம்பிவிட்டான். அந்த நம்பிக்கையோடுதான் சேர்மன் மகள்மீது மனதைப் பறிகொடுத்தான்.

அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். தேர்வு முடிவுகளைப் பற்றி அவன் எழுதிய செய்தியில் நூற்றுக்கு நூற்றுப் பத்துப் பேர் தேறியிருந்தார்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்து, மீதிப் பத்துப் பேர் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டாள். சிரிக்காமல் கேட்டாள். அன்று விழுந்தவன்தான். அதற்குப் பிறகு எந்தச் செய்தியில் எண் வந்தாலும் சரிபார்க்க அவளிடம் போனான். எண் இல்லாத செய்தியிலும் ஒன்றிரண்டு எண்களைச் சேர்த்துக்கொண்டு போனான். அவளுக்கும் சம்மதம். சேர்மன் மறுப்புச் சொல்லவில்லை. நிச்சயத்தை நல்ல நாள் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. வீட்டுக்குள் இருந்த பேச்சு. அலுவலகத்தில் ஒண்டி இன்னும் வாய் திறக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஊரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் நீலமாக வந்தது.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துணிக்கு நீலம் போடுகிற வேலை மிச்சம் என்று பெண்கள் சொன்னார்கள். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டார்கள். பால்காரர் மட்டும் ரொம்ப வருத்தப்பட்டார். அவர் பாலும் நீலமாக இருந்ததால் ஊருக்கு உண்மை தெரிந்துவிட்டது. ஒண்டிக்கு மனம் கேட்கவில்லை. சேர்மன் புதிதாகக் கட்டித் திறந்துவைத்த தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறிப் பார்த்தான். உள்ளே வெளியே எங்கும் நீலப் பெயின்ட். நகத்தால் சுரண்டினான். பெயின்டுக்கு அடியில் பழைய சிமென்ட். அதில் இந்தத் தொட்டியைத் திறந்து வைத்தவர் என்று சேர்மனின் அப்பா பெயர். கட்டியதாகச் சொன்ன புதுத் தொட்டி கட்டப்படவே இல்லை. அப்பா தொட்டிக்கு மகன் பெயின்ட் அடித்து ரிப்பன் வெட்டியிருக்கிறார். பெயின்ட்காரர் வேலையில் பக்தி உள்ளவராம், உட்புறத்தையும் விடவில்லை.

ஒண்டி இறங்கி நேரே அலுவலகத்துக்கு நடந்தான்.

அவன் அலுவலகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் சேர்மன் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்திருந்தார். ஸ்கேல் சார் பக்கத்து ஊருக்குப் போயிருந்த நேரம். ஏணியில் ஏறியவனைக் கீழேயிருந்து பார்த்தது ஊரில் பாதி. அதில் அவருக்குச் சொந்தமில்லாதவர் யாரும் இல்லை.

"மேலே காத்து நல்லா வருமே மாப்பிள்ளை," என்றார்.

ஒண்டி தலையை ஆட்டினான்.

"எழுதுங்க. தாராளமா எழுதுங்க. நான் குறுக்கே நிக்கிற ஆள் இல்ல. நாளைக்குக் காலையில நிச்சயத்த முடிச்சுக்கிட்டு, மத்தியானமா உக்காந்து நிதானமா எழுதுங்க."

சொல்லிவிட்டுச் சுவரில் இருந்த சட்டத்தை ஒரு தரம் அன்போடு பார்த்துவிட்டு எழுந்து போனார். இத்தனை நாளாக அந்த வீட்டிலிருந்து ஏன் படம் வரவில்லை என்பது ஒண்டிக்கு அப்போதுதான் புரிந்தது. தானாக நடந்து வருகிற மாப்பிள்ளைக்கு எதற்குப் படம்.

உட்கார்ந்து மளமளவென்று எழுதினான். இன்றைக்கே அச்சேறிவிட்டால் அவன் இன்னும் சொந்தக்காரன் இல்லை; சட்டம் உடையவில்லை. ஆனால் நாளைக்குப் பேப்பரைப் பார்த்த சேர்மன் பெண்ணைக் கொடுக்கமாட்டார். எழுதாவிட்டால் பெண் உண்டு. பிள்ளைகள் நாக்கு நீலம். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, எழுதிய தாளை மடித்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனான்.

அவள் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தாளை வாங்கிப் படித்தாள். அப்பாவின் பெயர் வந்த இடத்தை இன்னொரு தடவை படித்தாள். பிறகு பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

"விடை சரி. நடுவுல ஒரு படிய விட்டுட்டீங்க. மார்க் குறையும்."

"என்ன படி?"

"எழுதினவர் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா போகப்போறவர்ங்கிற படி. உங்க ஆசிரியருக்குத் தெரியுமா?"

தெரியாது என்றான். நிச்சயம் இன்னும் ஆகவில்லையே, சட்டப்படி குற்றமில்லையே என்று இழுத்தான்.

"கேள்வித்தாள் அவுட்டாகி நூறு வாங்கினவனும் இதத்தான் சொல்றான்," என்றாள். "எங்கப்பா பழச மறைச்சுப் பெயின்ட் அடிச்சாரு. நீங்க எத மறைச்சு அடிக்கிறீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது. அப்பாவை எழுதுவதில் உனக்கு வருத்தமில்லையா என்று கேட்டான். வருத்தம்தான் என்றாள். தன் வெள்ளை உடுப்பெல்லாம் நீலமானதும் வருத்தம்தான், எது பெரிய வருத்தம் என்று இன்னும் கணக்குப் போட்டு முடிக்கவில்லை என்றாள். அப்பா கல்யாணத்தை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று அவன் கேட்டான். அவள் அடுத்த விடைத்தாளை எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள்.

ஒண்டி திரும்பி வந்தபோது ஸ்கேல் சாரும் வந்திருந்தார். தாளை மேஜையில் வைத்தான். கூடவே உண்மையையும் வைத்தான். அவர் ஸ்கேலை எடுத்து மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"மறைக்காம சொன்ன பாரு, நீ நல்ல பையன்," என்றார். "அதனால இது வராது."

வேறு யார் எழுதுவது என்று ஒண்டி கேட்டான். ஸ்கேல் சார் அறையைச் சுற்றிப் பார்த்தார். புகைப்படக்காரர் சேர்மனுக்குப் பங்காளி. விளையாட்டுச் செய்தி எழுதுபவர் சேர்மன் மனைவிக்குத் தம்பி முறை. அச்சு மெஷின்காரர் பகை, போன வருஷம் அவர் வீட்டுச் சுவரைச் சேர்மனின் லாரி இடித்திருந்தது. ஸ்கேல் சாரே சேர்மனுக்குச் சகலை. 'நாளையும் வெயில்' என்று தலைப்புப் போட்டுக்கொள்ளும்படி தலைப்பக்காவிடம் சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தவர், அதன் நிறத்தைப் பார்த்துக் கீழே வைத்தார்.

தலைப்பக்கா பிஸ்கட்டைத் தின்றுகொண்டே கேட்டாள். "ஏன் சார், இந்தச் சட்டம் எதுக்குப் போட்டீங்க?"

படிக்கிறவன் ஏமாறக் கூடாதென்று, என்றார்.

"எழுதினவன் சேர்மனோட மருமகன்னு கீழேயே போட்டுட்டா, படிக்கிறவன் எங்க சார் ஏமாறுறான்?"

ஸ்கேல் சார் ஸ்கேலோடு சுவர்ப் பக்கம் போனார். சட்டத்தை நீளவாக்கில் அளந்தார், அகலவாக்கில் அளந்தார். பிறகு சரி என்றார். ஆனால் இரண்டு நிபந்தனை. சேர்மனிடம் போய் அவர் தரப்பையும் கேட்டுப் போட வேண்டும். உறவைச் சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும். மருமகனை மட்டும் சொல்லிவிட்டுச் சகலையை மறைத்தால் அது அரைப் பொய்.

ஒண்டி ஓடிப்போய்ச் சேர்மனைக் கேட்டான். பழைய தொட்டியில் அப்பா பெயர் இருக்கிறதே என்றதற்கு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பா கட்டியதை இடிக்க எந்த மகனுக்கு மனசு வரும் என்று கேட்டார். அதை அப்படியே எழுதிக்கொண்டான். அது பழைய தொட்டிதான் என்பதை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று.

மறுநாள் பேப்பர் வந்தது, நிச்சயம் நடக்கவில்லை. செய்தி முதல் பக்கத்தின் தலைமாட்டில் கையகலம்தான். அதற்குக் கீழே 'இந்தச் செய்தியில் தொடர்புள்ளவர்களின் உறவுமுறை' என்று ஆரம்பித்தது பக்கம் முழுதும் ஓடி, இரண்டாம் பக்கத்தில் புகுந்து, கடைசிப் பக்கத்து அச்சக முகவரிக்கு மேலே வந்து மூச்சு வாங்கியது. எழுதியவர், சேர்மனின் வருங்கால மருமகன். வெளியிட்டவர், சேர்மனின் சகலை. தலைப்பு வைத்தவர், சேர்மனுக்கு ஒன்றுவிட்ட தங்கை. படம் எடுத்தவர் பங்காளி, அச்சடித்தவர் பகையாளி, வீட்டுக்கு வீடு போடுகிறவர் சேர்மனின் அத்தை பேரன். பெயர் பெயராக, முறை முறையாக.

எந்த ஊரிலும் மனிதன் பேப்பரில் முதலில் தேடுவது தன் பெயரைத்தான். ஊரே கீழேயிருந்து படிக்க ஆரம்பித்தது. காலையிலேயே அலுவலகத்து வாசலில் கூட்டம். தொட்டியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை விட்டுவிட்டீர்கள், நான் சேர்மனுக்குச் சின்ன மாமனார் என்றார் ஒருவர். என் தங்கை புருஷனைப் போட்டு என்னைப் போடாதது திட்டமிட்ட அவமானம் என்றார் இன்னொருவர். ஓரகத்திகள் இரண்டு பேர், யார் பெயர் முதலில் வந்தது என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்கேல் சார் விட்டுப்போன உறவுகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, அடுத்த நாள் பேப்பரில் செய்தியை மறுபடி தலையில் போட்டு, முழு உறவையும் திருத்தி வெளியிட்டார். ஒரு ஆள் பாக்கியில்லை.

பெயர் வந்த திருப்தியில் இரண்டாம் நாள் சாவகாசமாக மேல்பகுதியையும் படித்தார்கள். அன்று வந்த கூட்டம் வேறு மாதிரி. முந்தின நாள் சண்டை போட்டுச் சேர்ந்துகொண்ட சின்ன மாமனார், பேரை எடுத்துவிடுங்கள், பெயின்ட் தொட்டிக்காரன் சொந்தம் என்று கடைத்தெருவில் சிரிக்கிறார்கள் என்றார். ஸ்கேல் சார் ஸ்கேலைத் தட்டினார். "மாமனாரா இல்லையா?" என்று கேட்டார். மாமனார்தான். "அப்ப உண்மைய எப்படி எடுக்கிறது? தண்ணி நீலமா இருக்கிற வரைக்கும் செய்தி வரும். செய்தி வந்தா உறவும் வரும்."

கூட்டம் அப்படியே திரும்பிச் சேர்மன் வீட்டுக்குப் போனது.

அன்று மத்தியானம் சேர்மன் அலுவலகத்துக்கு வந்தார். பிஸ்கட் இல்லை. சட்டை கசங்கியிருந்தது, மாமன் மச்சான் எல்லோரும் மாற்றி மாற்றிப் பிடித்து உலுக்கியிருந்தார்கள். ஒண்டி எழுந்து நின்றான். கேட்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான், கல்யாணம் உண்டா இல்லையா.

சேர்மன் அவனைப் பார்க்காமல் ஸ்கேல் சாரிடம் பேசினார். "சகலை, வருங்கால மருமகன்னு போட்டிருக்கீங்க. இப்ப நான் கல்யாணத்த நிறுத்திட்டா?"

"அது பிழையாயிடும். திருத்தம் போடுவோம்."

"என்னன்னு?"

"மருமகன் இல்லைன்னு. ஏன் இல்லைன்னும் போடணும். காரணம் போடாத திருத்தம் அரைத் திருத்தம். காரணத்துக்கு நீலத் தண்ணியிலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"எந்தப் பக்கத்துல?"

"முதல் பக்கத்துல வந்ததுக்கு முதல் பக்கத்துலதான்."

சேர்மன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மின்விசிறியைப் பார்த்தார். பிறகு ஒண்டியைப் பார்த்து, உட்காருங்க மாப்பிள்ளை, நின்னுக்கிட்டே எத்தனை நாளைக்கு எழுதுவீங்க என்றார். அவர் முகத்தில் கோபமும் இருந்தது. கூடவே, இந்தப் பயலைச் சும்மா விட்டால் எதிர்க்கட்சிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்ற கணக்கும் இருந்தது. மகளுக்குக் கணக்கு வந்தது அந்த வழியில்தான்.

தொட்டி கட்டினார்கள். இந்தத் தடவை உண்மையிலேயே கட்டினார்கள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் தினம் வந்து நின்று செங்கல்லைத் தட்டித் தட்டிப் பார்த்ததில், அந்தக் கொத்தனார் அதற்குப் பிறகு எங்கே வேலைக்குப் போனாலும் முதலில் உறவினர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டுதான் சாரம் கட்டுவாராம். தண்ணீர் நிறம் இல்லாமல் வந்த அன்று பிள்ளைகள் அழுதார்கள்.

கல்யாணமும் நடந்தது. அந்தச் செய்தியை ஒண்டியே எழுதினான். இரண்டு வரி. அதற்குக் கீழே இவனுக்கு மாமனார், மைத்துனர், கொழுந்தியாள், சின்ன மாமனார், பெரிய மாமனார் என்று வழக்கம்போல நாலு பக்கமும் ஓடியது. அந்தப் பேப்பரை அவன் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராக விரலை வைத்துப் படித்தான். இத்தனை பேரா என்று கேட்டான். புது மனைவி எட்டிப் பார்த்து, மூணு பேர் விட்டுப்போயிருக்காங்க, நாளைக்கு வாசல்ல வந்து நிப்பாங்க என்றாள். நிற்கட்டும் என்றான்.

இந்த விவரங்களோடு இன்னும் ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும்: அந்த ஊரில் இன்றுவரை பத்திரிகை என்று ஒன்று அச்சானதே கிடையாது.